பன்னிரண்டு கிலோ

"மேடம், ஒரு நிமிஷம்... கோபம்னா நேரா திட்டிடுங்க. இப்படி ஏறி ஏறிக் காட்டாதீங்க!"

நான்காவது முறையாக முதல் படியில் கால் வைத்தவள் திடுக்கிட்டு நின்றாள். குரல் தரைக்கு அடியிலிருந்து வந்தது. லிஃப்ட் நிற்க வேண்டிய இடத்தில் கதவு திறந்து கிடக்க, உள்ளே ஒரே இருட்டுப் பள்ளம். அதன் விளிம்பில் ஒரு தலை மட்டும் முளைத்திருந்தது. நெற்றியில் சின்ன விளக்கு, கன்னத்தில் கிரீஸ் தீற்றல், நடுவில் இரண்டு பெரிய கண்கள். வீட்டுப்பாடம் எழுதாமல் மாட்டிக்கொண்ட பிள்ளையைப் போல அந்தக் கண்கள் அவளைப் பார்த்தன.

"யாருக்குக் கோபம்?" என்று அவள் குனிந்து கேட்டாள்.

"உங்களுக்குத்தான். காலையிலேர்ந்து மூணு தடவை மேல போனீங்க, மூணு தடவை கீழ வந்தீங்க. ஒவ்வொரு தடவையும் என்னை ஒரு முறை முறைச்சீங்க. பழைய லிஃப்ட் மேடம். கயிறு, மோட்டார் எல்லாம் மாத்தணும். எட்டு வாரம் பொறுத்துக்கச் சொல்லி போர்டு எழுதி வெச்சிருக்கேனே..."

"நான் முறைக்கலீங்க. மூச்சு வாங்கிச்சு. மூச்சு வாங்கினா என் மூஞ்சி அப்படித்தான் ஆகும்."

அவன் நம்பவில்லை. வேறு ஏதோ கேட்க வாயெடுத்தவன், பாதியில் நிறுத்தி உச்சந்தலையைத் தடவிப் பார்த்தான். இன்னொரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று.

"மேடம்... உங்க பை அழுவுது."

ஐயோ! அவள் பதறிப்போய் முதுகுப்பையைக் கழற்றினாள். ஆறு தண்ணீர்ப் பாட்டில்களில் ஒன்று மூடி கழன்று, பையை நனைத்து, முதுகை நனைத்து, இப்போது ஒரு அப்பாவியின் தலையையும் நனைத்திருந்தது. அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு வெற்றுச் சுவர்களுக்கு நடுவே ஒன்பது மாடியும் ஏறிப்போய்த் திரும்பி வந்தது.

"சிரிக்காதீங்க. எடைக்காகத் தூக்கறேன். ஆறு லிட்டர்னா ஆறு கிலோ. மலை ஏறப் போறேன்."

"எந்த மலை? இந்த ஊர்ல மேடு கூடக் கிடையாதே."

"இந்த நாட்டுலயே இல்ல," என்றாள் அவள், கொஞ்சம் பெருமையாகவே. சொல்லிவிட்டு ஈர முதுகோடு விறுவிறுவென்று படியேறினாள். இரண்டாவது மாடி வரைதான் அந்த விறுவிறுப்பு. அதற்குப் பிறகு வழக்கமான மூஞ்சி வந்துவிட்டது.

அந்தக் கட்டடத்தின் நான்காவது மாடியில் இருந்த கண்ணாடிக் கடையில் அவள் கண் அளவு பார்ப்பவள். "இது தெளிவா இருக்கா, இதுவா?" என்று ஏழு வருடமாக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பவள். முகத்துக்கு எடுப்பாக இருக்கிறதா என்று கண்ணாடியைப் பத்து முறை மாற்றுகிறவர்களுக்கு நடுவில் அவளுக்குச் சலித்துப்போயிருந்தது. அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது.

கடல் தாண்டி, எல்லை தாண்டி, சாலை முடிகிற இடத்திலிருந்து இரண்டு நாள் நடை. அங்கே மலைச்சரிவில் சில சிற்றூர்கள், ஒரே ஒரு மருந்தகம். நாற்பது வயதானால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, விதையில் கல் பொறுக்க முடியவில்லை என்று பெண்கள் வேலையை விட்டுவிட்டு மூலையில் உட்கார்ந்துவிடுகிறார்களாம். கண் போய்விட்டது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொள்கிறார்களாம். கண் எங்கே போயிற்று? ஒரு சாதாரணக் கண்ணாடி போதும்! முந்நூறு பேர் பெயர் எழுதிக் காத்திருக்கிறார்கள். பத்து மாதம் வந்து தங்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

முடியும் என்று அன்றைக்கே எழுதிவிட்டாள். கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை அதற்குப் பிறகுதான் படித்தாள். 'நீங்கள் வருவது விதைப்புக் காலம். சுமை தூக்க ஆள் கிடைக்காது. ஒவ்வொருவரும் தன் பன்னிரண்டு கிலோவைத் தானே தூக்கி, நாளைக்கு ஆறு மணி நேரம் நடக்க வேண்டும். கிளம்பும் முன் உங்கள் ஊரிலேயே ஒரு முன்னோட்ட நடை உண்டு. அதை முடிக்காதவர்கள் அடுத்த வருடம் வரலாம்.'

அடுத்த வருடம் என்றால் முந்நூறு பேருக்கும் இன்னொரு வருடம். அந்த எண்ணம்தான் அவளைத் தினமும் கடை திறக்கும் முன் ஒரு மணி நேரம், கடை மூடிய பின் ஒரு மணி நேரம் படியேற வைத்தது. பயணத்துக்குப் பத்து வாரம் இருந்தது. முன்னோட்ட நடைக்கு ஆறு.

மறுநாள் காலை லிஃப்ட்காரன் பள்ளத்துக்கு வெளியே, தலையெல்லாம் சீவிக்கொண்டு நின்றிருந்தான். பக்கத்தில் ஒரு மரப்பெட்டி.

"தண்ணி வேணாம் மேடம். குலுங்கும், ஒழுகும், அடுத்தவன் தலையில சொட்டும். லிஃப்ட் எவ்வளவு தாங்குதுன்னு பாக்க நாங்க எடை வெச்சிருப்போம். இது சின்னக் கட்டி, ஒண்ணு ஒரு கிலோ. இரும்பு. ஏமாத்தாது."

ஒவ்வொரு கட்டியையும் பழைய துணியில் சுற்றி நூலால் கட்டியிருந்தான், முதுகில் குத்தாமலிருக்க. பையில் வைப்பதற்கும் அவனிடம் ஒரு கணக்கு இருந்தது. கனமானது முதுகை ஒட்டி, தோள்பட்டை உயரத்தில். லேசானது அடியில். "எடை உங்களைப் பின்னாடி இழுக்கக் கூடாது மேடம். உங்க கூடவே வரணும்."

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான். மேல போற பெட்டிக்கும் கீழ வர்ற எடைக்கும் நடுவுல நின்னே பன்னெண்டு வருஷம் ஓடிப்போச்சு."

அன்றிலிருந்து அது வழக்கமாயிற்று. பை அவனுடைய சாமான் அறையில் தங்கும். காலையில் எடை வைத்துத் தயாராக நீட்டுவான். வாரம் கூடக் கூடக் கட்டியும் கூடும். அவள் ஏறுவாள், அவன் மேலே மோட்டார் அறையிலிருந்து இறங்குவான். ஏதாவது ஒரு மாடியில் இருவரும் எதிரெதிரே கடப்பார்கள். "எத்தனாவது மேடம்?" "மூணாவது சுத்து..." "ஷூ கடிக்குதா?" "குதிகால்ல." "நகத்தை ஒட்ட வெட்டுங்க. மெல்லிசு சாக்ஸ் உள்ள, தடிமன் வெளிய." அவ்வளவுதான் பேச்சு. ஆனால் எந்த மாடியில் கடப்போம் என்று கீழேயிருந்தே அவள் மனம் கணக்குப் போட ஆரம்பித்திருந்தது. எதற்கு இந்தக் கணக்கெல்லாம் என்று தன்னையே கடிந்துகொண்டாள். மனம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு விஷயம் அவள் கண்ணில் பட்டது. மோட்டாரின் மேல் ஒட்டியிருந்த சின்ன எழுத்தைப் படிக்க அவன் கையை முழு நீளத்துக்கு நீட்டி, தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தான்.

"கை இன்னும் கொஞ்சம் நீளமா இருந்தா நல்லா இருக்கும், இல்ல?" என்றாள் குறும்பாக.

அவன் அசடு வழிந்தான்.

அன்று மாலை மழை. கடையில் வேறு யாரும் இல்லை. இருட்டறையில் அவனை உட்காரவைத்து, கனமான சோதனைச் சட்டத்தை அவன் மூக்கில் மாட்டினாள். வாழ்நாளில் எத்தனை ஆயிரம் கண்களைப் பார்த்திருப்பாள்... சிவந்தவை, களைத்தவை, பொய் சொல்பவை. இவை வேறு மாதிரி. தேநீர் நிறம். ஓரத்தில் சிரிப்புச் சுருக்கம். விளக்கை அருகில் கொண்டுபோனபோது இமைகூடக் கொட்டாமல்...

"நேரா பாருங்க."

"நேராதான் பாக்கறேன்."

"என்னை இல்ல. அந்த எழுத்துப் பலகையை."

"ஓ... அது வேறயா?"

அவளுக்குக் கன்னம் சூடாகிற்று. நல்லவேளை, இருட்டறை! கண்ணாடி வில்லையை மாற்றி மாற்றிப் போட்டாள். "இது தெளிவா, இதுவா?"

"முதல்ல போட்டது."

"இப்ப?"

"இப்ப... ரொம்பத் தெளிவா இருக்கு மேடம்," என்றான் மெதுவாக. மறுபடியும் பலகையைப் பார்க்கவில்லை. வெளியே மழை ஜன்னல் தகட்டில் சடசடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அவள் அளவை எழுதியபோது எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. நான்கு நாளில் கண்ணாடி தயாரானது. போட்டுக்கொண்டு முதல் வேலையாகத் தன் கையிலிருந்த பழைய தழும்புகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து ஆச்சரியப்பட்டான்.

வீட்டில் ஏற்பாடுகள் ஒரு பக்கம் நடந்தன. தடுப்பூசி மூன்று. சொத்தைப் பல் அடைத்தாகிவிட்டது, அங்கே பல் வலித்தால் பார்க்க ஆளில்லை. கடவுச்சீட்டுக்கு நான்கு நகல். மழைக்குப் பைக்குள்ளேயே இன்னொரு பிளாஸ்டிக் உறை. 'நிமிர்ந்து உட்காருங்கள்', 'இப்போது தெரிகிறதா?' என்று அந்த ஊர்ப் பேச்சில் இருபது வாக்கியம் மனப்பாடம். சோதனை வில்லைப் பெட்டியே நாலரைக் கிலோ. மிச்சம் ஏழரைக் கிலோவில் பத்து மாத வாழ்க்கையை அடைக்க வேண்டும்.

அதற்கு ஒரே எதிரி அம்மா. இவள் பட்டியலைப் பார்த்து அடுக்குவாள். அம்மா அந்தப் பக்கம் வந்துபோனால் பை ஒரு சுற்றுப் பெருத்திருக்கும்.

"அம்மா, இஸ்திரிப் பெட்டி எதுக்கு? அங்க கரண்டே நாலு மணி நேரம்தான்."

"சுருக்கம் சுருக்கமா போட்டுக்கிட்டு நின்னா வளத்தவளைத்தான்டி சொல்லுவாங்க."

"இந்தப் போர்வை?"

"குளிருமே."

"ஏற்கனவே ஒண்ணு இருக்கே!"

"அது உனக்குத் தெரிஞ்ச குளிருக்கு. இது தெரியாத குளிருக்கு."

அம்மாவோடு யார் பேசி ஜெயிப்பது? அவள் எடுத்து வெளியே வைப்பாள், அம்மா முணுமுணுத்துக்கொண்டே திரும்ப வைப்பாள்.

ஆனால் படிக்கட்டில் எல்லாம் அமோகமாகப் போய்க்கொண்டிருந்தது. நான்காவது வாரம் ஒருநாள் ஆறாவது மாடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட நின்றாள். அதோடு சரி. அதற்குப் பிறகு உடம்பு அதிசயமாகப் பழகிவிட்டது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு... எத்தனை கட்டி கூடினாலும் மூச்சு முட்டவில்லை.

"முந்தின வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் வித்தியாசமே தெரியலைங்க!" என்று குதித்தாள்.

அவன் புதுக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்க ஆரம்பித்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

முன்னோட்ட நடை, ஊரிலிருந்து மூன்று மணி நேரப் பயணத் தூரத்தில் ஒரு குன்றில். எட்டுப் பேர் வந்திருந்தார்கள். நடத்துகிற அம்மாள் கறாரானவர். ஒவ்வொரு பையையும் தராசில் மாட்டிப் பார்த்துப் பன்னிரண்டு என்று எழுதிக்கொண்டார். அவள் நம்பிக்கையோடு பையைத் தூக்கினாள். உடனேயே ஏதோ தப்பாக இருந்தது. தோள்பட்டை தரையை நோக்கி இழுத்தது. முந்தின இரவு சரியாகத் தூங்காததால் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு நடந்தாள். முதல் மணி நேரம் சமாளித்தாள். இரண்டாவதில் எல்லோருக்கும் பின்தங்கினாள். மூன்றாவதில், ஒரு பாறையில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்கவே முடியவில்லை.

"மூணு வாரம் கழிச்சுக் கடைசி வாய்ப்பு," என்றார் அந்த அம்மாள். "அன்னிக்கும் முடியலைன்னா அடுத்த வருஷம்தான். வீட்ல பழகினேன்னு சொன்னீங்களே, என்ன எடையில பழகினீங்க?"

அந்தக் கேள்வி வழியெல்லாம் அவளைக் குடைந்தது. மறுநாள் காலை, பையை வாங்கிக்கொண்டு வழக்கம்போல ஏறினாள். எட்டாவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்து, கட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் துணியைப் பிரித்தாள். இரும்பு. இரும்பு. இரும்பு. ஒன்பதாவது வரை இரும்பு. பத்தாவது கட்டி கைக்குப் பஞ்சுபோல வந்தது. பிரித்தால்... மரக்கட்டை. அதே அளவுக்கு அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அதே துணியில் சுற்றி, அதே முடிச்சு. பதினொன்று, பன்னிரண்டும் அப்படியே.

மேலேயிருந்து இறங்கி வந்தவன் படியிலேயே உறைந்து நின்றான். கையும் களவுமாகப் பிடிபட்ட முகம்.

"எப்பலேர்ந்து?"

"ஆறாவது மாடியில சுவரைப் புடிச்சிட்டு நின்னீங்களே... அன்னிலேர்ந்து." அவன் குரல் உள்ளே போயிருந்தது. "பாக்க முடியல மேடம். மனசு கேக்கல. கொஞ்ச நாள் லேசா இருக்கட்டும், அப்புறம் கூட்டிக்கலாம்னு..."

"மலைக்கு மனசு இருக்கா? அங்க யாருங்க எனக்கு மரக்கட்டை வெப்பாங்க?" அவள் குரல் உடைந்தது. "நேத்து எட்டுப் பேருக்கு முன்னாடி பாறையில உக்காந்தேன். என்னால முடியாதுன்னு நினைச்சேன். நான் ஒண்ணுக்கும் லாயக்கில்லைன்னு ராத்திரி முழுக்க அழுதேன். வீட்ல அம்மா வெச்சுக்கிட்டே இருக்காங்க, இங்க நீங்க எடுத்துக்கிட்டே இருக்கீங்க. என் பையை யாராச்சும் சும்மா விடுவீங்களா?"

"மேடம், நான்..."

"இரும்பு ஏமாத்தாதுன்னு சொன்னீங்க. இரும்பு ஏமாத்தலதான்."

மூன்று மரக்கட்டைகளையும் படியில் வரிசையாக வைத்துவிட்டு இறங்கிப் போனாள். அவன் அவற்றைக் குனிந்து எடுக்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து பை சாமான் அறைக்குள் இல்லை, வெளியே கொக்கியில் தொங்கியது. கீழே பன்னிரண்டு இரும்புக் கட்டிகள், துணி சுற்றாமல் பட்டவர்த்தனமாக. பக்கத்தில் ஒரு தூக்குத் தராசு. அவளே அடுக்குவாள், அவளே நிறுத்துப் பார்ப்பாள், ஏறுவாள். பன்னிரண்டு கிலோ என்றால் என்னவென்று இப்போதுதான் தெரிந்தது. நாலாவது மாடியில் உட்கார்ந்தாள். இரண்டு நாளில் ஆறாவது. ஒரு வாரத்தில் ஒன்பதாவது. வழியில் அவன் கடந்தபோது சுவர் பக்கம் பார்த்துக்கொண்டாள். எத்தனாவது சுற்று என்று கேட்க ஆளில்லாத படிக்கட்டு அவளுக்குப் பிடிக்கவில்லை. அதற்கும் அவன் மேலேயே கோபம் வந்தது.

எட்டாவது வாரம் லிஃப்ட் ஓட ஆரம்பித்துவிட்டது. கட்டடமே கைதட்டியது. இனி அவனுக்கு இங்கே வேலையில்லை, நாளையிலிருந்து வரமாட்டான் என்று அவளுக்குத் தோன்றியது. வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? அப்படித்தான் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் மாலை நல்ல மழை. சாரல் படிக்கட்டு ஜன்னல் வழியாக உள்ளே தெறித்துக்கொண்டிருந்தது. மூன்றாவது மாடியில் அவளுக்குப் பின்னால் இன்னொரு காலடி கேட்டது. தொப்... தொப்... புஸ்... தொப். எட்டிப் பார்த்தாள். லிஃப்ட்காரன்! முதுகில் ஒரு பை. முகம் செக்கச்செவேலென்று. கண்ணாடி மூக்கின் நுனியில்.

"என்ன இது?"

"பன்... பன்னெண்டு கிலோ." மூச்சுக்கு நடுவில் சொன்னான். "மரம் என்ன எடைன்னு எனக்குத் தெரியும். இரும்பைத் தூக்கிக்கிட்டு ஏறினா எப்படி இருக்கும்னு தெரியல. தெரிஞ்சுக்காம உங்களுக்காக முடிவு பண்ணிட்டேன். அதான்..."

"ஏன் முறைக்கறீங்க?"

"முறைக்கல. மூச்சு வாங்கினா என் மூஞ்சியும் இப்படித்தான் ஆகும் போல."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பன்னிரண்டு வருடம் லிஃப்ட்டோடே காலம் தள்ளிய மனிதன், ஐந்தாவது மாடியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டான். அவள் தன் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள்.

"மன்னிச்சிடுங்க மேடம்," என்றான். இந்த முறை கண்ணாடியைக் கழற்றாமல், நேராகப் பார்த்து. "உங்களால முடியாதுன்னு நான் நினைக்கல. நீங்க கஷ்டப்படறதைப் பாக்க என்னாலதான் முடியல. அது என் பலவீனம். அதை உங்க பையில கொண்டுவந்து வெச்சிட்டேன்."

அவள் பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள். கோபத்தைத் தேடிப் பார்த்தாள், கையில் அகப்படவில்லை. "இன்னும் நாலு மாடி இருக்கு. எந்திரிங்க. நடு மாடியில உக்காந்தா தசை புடிச்சுக்கும்."

ஒன்பதாவது வாரம் அதே குன்று, அதே தராசு. பாறை வந்தபோது அதைப் பார்த்து மெல்லத் தலையாட்டிவிட்டுக் கடந்து போனாள். இந்த முறை வந்தவர்களில் ஆறு பேர் நடையை முடித்தார்கள். ஐந்தாவதாக வந்தவள் அவள். நடத்துகிற அம்மாள் முதல் முறையாகச் சிரித்தார். ஊர் திரும்பியதும் முதலில் வீட்டுக்குப் போகாமல் ஏன் அந்தக் கட்டடத்துக்குப் போனாள் என்று யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லத் தெரிந்திருக்காது. அவன் தான் பொருத்திய லிஃப்ட்டுக்கு எதிரே, போகிறவர் வருகிறவரையெல்லாம் பார்த்தபடி காத்துக்கொண்டு நின்றிருந்தான்.

"அஞ்சாவது!" என்று அவள் கையை விரித்துக் காட்டினாள். அவன் கண் நிறைந்து போயிற்று.

கிளம்புவதற்கு முந்தைய நாள். பையை அவன் கொடுத்த தூக்குத் தராசில் மாட்டினாள். அம்மாவின் இரண்டாவது போர்வையும் சேர்த்து, கச்சிதமாகப் பன்னிரண்டு. தனக்கென்று வைத்திருந்த இரண்டு புத்தகங்களை எடுத்துவிட்டுத்தான் போர்வைக்கு இடம் செய்திருந்தாள். அம்மா அதைப் பார்த்துவிட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் கடையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வெளியே வந்தபோது, வராந்தாவில் அவன் நின்றிருந்தான். சட்டையில் கிரீஸ் இல்லை. தோளில் மழைத்துளிகள்.

"எட்டு வாரம் நான் செஞ்ச லிஃப்ட். நீங்க ஒரு தடவை கூட ஏறினதில்லை. வர்றீங்களா? ஒன்பது வரைக்கும் போய்ட்டு கீழ இறங்கலாம்."

உள்ளே புதுப் பெயின்ட் வாசனை. கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. பெட்டி மேலே போவதே தெரியவில்லை. ஐந்து... ஆறு... சுவரைப் பிடித்துக்கொண்டு அழுத மாடி இதோ ஒரு நொடியில் போய்விட்டது.

"நல்லா செஞ்சிருக்கீங்க," என்றாள்.

"ம்."

ஒன்பது வந்தது. யாரும் ஏறவில்லை. கதவு மூடி, பெட்டி கீழே இறங்கத் தொடங்கியது.

"மேடம், உங்க கிட்ட..."

"சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல. பத்திரமா போய்ட்டு வாங்க." சொல்லிக்கொண்டே கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்க ஆரம்பித்தான்.

அவள் பார்த்தாள். கிட்டத்தில் இருப்பது அவனுக்குக் கண்ணாடி இல்லாமல் மங்கலாகத்தான் தெரியும். அந்த அளவை எழுதியவளே அவள்தானே! இப்போது அவன் பார்க்க விரும்பாதது எது என்றும் தெரிந்தது. இதே மாதிரி அவன் துடைத்த இன்னொரு நாளும் ஞாபகம் வந்தது.

"எதுக்குக் கழட்டினீங்க?"

"மழை... ஈரம்."

"லிஃப்ட்டுக்குள்ள மழை பெய்யுதா?"

அவன் துடைப்பதை நிறுத்தவில்லை.

"மறுபடியும் மரக்கட்டையா?" அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். "என் பையிலேர்ந்து எதை எடுத்து ஒளிச்சு வெக்கறீங்க?"

"மேடம்... நாளைக்குக் காலையில கிளம்பறீங்க. ரெண்டு நாள் நடை, பத்து மாசம் வேலை. இப்ப போய் நான் ஒண்ணைச் சொன்னா, அதையும் சேத்துத் தூக்கிக்கிட்டு நடக்கணும். எதுக்குக் கூடுதல் பாரம்னு..."

"அதை யாரு முடிவு பண்ணணும்?"

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. அவள் அவன் கையிலிருந்த கண்ணாடியை வாங்கினாள். ஏழு வருடப் பழக்கத்தில் விரல்கள் தானாகவே நிதானமாக வேலை செய்தன. காதுக்குப் பின்னால் கொக்கியைச் சரிசெய்து, மூக்கின் மேல் நேராக உட்காரவைத்தாள். தேநீர் நிறக் கண்கள் இமைக்காமல் அவளைப் பார்த்தன.

"இப்ப தெளிவா இருக்கா?"

"இருக்கு."

"அப்ப இரும்பையே குடுங்க. நான் தூக்குவேன்."

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு." ஒரே மூச்சில் சொன்னான். "உங்க பை என் தலையில அழுதுச்சே, அன்னிலேர்ந்து. போகாதீங்கன்னு சொல்ல வரல. போங்க. முந்நூறு பேருக்கும் கண்ணாடி மாட்டிட்டு வாங்க. பத்து மாசமும் நான் தினம் ஒன்பது மாடி ஏறி இறங்குவேன். நீங்க திரும்பி வரும்போது... கூட நடக்கற மாதிரி இருக்கணும்ல."

வெளியே மழைச் சத்தம் பெட்டியோடு கூடவே இறங்கி வந்தது. மூன்று... இரண்டு...

"இவ்வளவுதானா?" என்றாள். குரல் நடுங்கியது, முகம் சிரித்தது. "பெரிய பாரம்னு பயமுறுத்தினீங்க. நான் இதை ஏழு வாரமா தூக்கிக்கிட்டுத்தான் ஏறிக்கிட்டிருக்கேன். இருட்டறையில உங்க கண்ணைப் பாத்த நாளிலேர்ந்து."

கதவு திறந்தது. தரைத்தளம், காலியான வராந்தா, வாசலில் கொட்டும் மழை. இருவரும் இறங்கவில்லை. அவள் கை நீட்டி ஒன்பதை அழுத்தினாள்.

"மேடம், விளையாட்டுக்கு லிஃப்ட்ல ஏறி இறங்கக் கூடாதுன்னு போர்டு எழுதி வெச்சிருக்கேன்," என்றான் அவன், அவள் கையைப் பிடித்துக்கொண்டு.

"கோபம்னா நேரா திட்டிடுங்க," என்றாள் அவள்.